கேப்டன் சொன்னால்தான் கப்பல் கிளம்பும்: துருக்கிக் கடலோரப் பயணம்

செப்டம்பர் 12, 2024, வியாழன் – ஃபெத்தியே

தனிப் படகு என்ற யோசனை அண்ணனுடையது. ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு கோடை முழுக்க வாட்ஸ்அப்பில் படகுப் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தான். "நாம வச்சதுதான் சட்டம். நினைச்ச இடத்துல நிறுத்தலாம், நினைச்சப்ப சாப்பிடலாம், யாரும் கேள்வி கேக்க முடியாது." துருக்கியின் தென்மேற்கு ஓரத்தில் ஃபெத்தியேவிலிருந்து தெம்ரே வரைக்கும் போகிற வழி. கப்பல், குலெட் என்று அங்கே சொல்கிற மரக்கப்பல். கப்பல் வாடகை மட்டும் 3,400 யூரோ. சாப்பாட்டுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 40 யூரோ தனி. தண்ணீர் பாட்டில், பீர், கோலா எல்லாம் அதற்கும் மேலே. ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று என் கணவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அம்மா பெருக்கிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அண்ணனிடம் சரியாகப் பேசவில்லை.

முதல் ராத்திரி ஃபெத்தியேவில் ஓட்டல். ஊர் பார்க்கப் புதிதாக இருக்கிறது. 1957 நிலநடுக்கத்தில் பழைய ஊர் பெரும்பாலும் விழுந்துவிட்டது, பிறகு கட்டியதுதான் இதெல்லாம். விழாமல் நிற்பது மலைச்சரிவில் பாறையைக் குடைந்து செய்த கல்லறைகள். அதில் பெரியது அமிந்தாஸ் என்பவருடையது, கி.மு. 4ஆம் நூற்றாண்டு. கீழே தெருவில் துணி காயப்போட்டிருக்கிறார்கள், தலைக்கு மேலே கோயில் முகப்பு மாதிரி தூண் வைத்த கல்லறை. பழங்காலத்தில் இந்தக் கரையில் வாழ்ந்த லிசியர்கள் செத்தவர்களை ஊருக்கு வெளியே அனுப்பாமல், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உயரத்தில் வைத்திருக்கிறார்கள். வழியெல்லாம் இதைத்தான் பார்க்கப் போகிறோம் என்று அப்போது தெரியாது.

ராத்திரிச் சாப்பாடு மீன் சந்தையில். நடுவில் மீன் கடைகள், சுற்றிலும் ஓட்டல்கள். மீனை நாமே பார்த்து வாங்கி எந்த ஓட்டலில் கொடுத்தாலும் பொரித்தோ சுட்டோ தருவார்கள். சமைக்கிற கூலி தலைக்கு 200 லிரா, கூடவே ரொட்டியும் சாலட்டும். அப்போதைய கணக்கில் ஒரு லிரா கிட்டத்தட்ட இரண்டரை ரூபாய். அண்ணன் ஒன்றுக்கு இரண்டாக மீன் வாங்கினான். 17ஆம் தேதி புரட்டாசி பிறக்கிறது, அதற்குள் ஒரு மாதத்துக்கானதைச் சாப்பிட்டுவிட வேண்டுமாம்.

அம்மா சுத்த சைவம். மீன் சந்தை நடுவில் மூக்கில் முந்தானையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு, பரிமாறுகிறவர் ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தார். சுட்ட கத்தரிக்காய் மசியல், பூண்டு போட்ட கெட்டித் தயிர், எண்ணெயில் வதக்கிய குடைமிளகாய். பில்லில் அது இல்லை. "மறந்துட்டாங்க போல" என்று என் கணவர் போய்ச் சொன்னார். அந்த மனிதர் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 13, வெள்ளி – கெமிலெர் தீவு

கப்பலில் ஏறும் பலகையடியில் ஒரு பிரம்புக் கூடை. செருப்பு, ஷூ எல்லாம் அதில் போய்விடும். பிறகு நான்கு நாளும் வெறுங்காலோடுதான். நமக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. பக்கத்துக் கப்பலில் ஏறிய ஆங்கிலேயர்கள்தான் கொதிக்கிற பலகையில் துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நான்கு அறை, ஒவ்வொன்றிலும் ஒரு குளியலறை. நாங்கள் ஏழு பேர்: அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பெண்ணும் பையனும், என் கணவர், நான். கப்பலில் மூன்று பேர். கேப்டனுக்கு அறுபது இருக்கும், நரைத்த மீசை, பேச்சுக் கம்மி. சமையல்காரர் முப்பது வயதுக்காரர், கப்பலில் இங்கிலீஷ் பேசுகிறவர் இவர் ஒருவர்தான். கயிறு கட்டவும் நங்கூரம் பார்க்கவும் ஒரு பையன்.

கேப்டன் முதல் வேலையாக எங்களை உட்கார வைத்துச் சட்டம் சொன்னார், சமையல்காரர் மொழிபெயர்த்தார். கழிப்பறைக்குள் காகிதம் போடக் கூடாது, ஓரத்தில் இருக்கிற டப்பாவில்தான். கழிவு எல்லாம் தொட்டியில் சேரும். துறைமுகத்தில்தான் அதை இறைக்க வேண்டும், இறைத்ததற்குக் கடலோரக் காவல் கேட்டால் காட்ட நீல அட்டையில் கணக்கு இருக்கும். நல்ல தண்ணீர் தொட்டியில் உள்ளதுதான், பார்த்துக் குளியுங்கள். ஏசி ஜெனரேட்டர் ஓடுகிற நேரத்தில் மட்டும், ராத்திரி பதினொன்றுக்கு மேல் கிடையாது. ஏஜென்ட் விடிய விடிய ஏசி என்று எழுத்தில் கொடுத்திருந்தார். அண்ணன் போனில் அந்த மெயிலைத் தேடி எடுத்துக் காட்டினான். கேப்டன் மெதுவாகப் படித்தார், போனைத் திருப்பிக் கொடுத்தார், நங்கூரம் எடுக்கப் போய்விட்டார். "நாம வச்சதுதான் சட்டம்" என்று அண்ணி சொன்னார், யாரையும் பார்க்காமல்.

குலெட்டுக்கு இரண்டு பாய்மரம். படத்தில் பாய் விரித்து அன்னம் மாதிரி வரும். நிஜத்தில் டீசல் இஞ்சின்தான் எல்லாம். பாய் எப்போது விரிப்பீர்கள் என்று என் கணவர் கேட்டார். "காஷ் ஊர் தாண்டி. போட்டோவுக்கு" என்று நேர்மையான பதில் வந்தது.

மத்தியானம் ஓலுடெனிஸ் கடற்கரை. பாபாதாக் மலை கிட்டத்தட்ட இரண்டாயிரம் மீட்டர், கடலை ஒட்டி நேரே எழும்புகிறது. மேலிருந்து பாராகிளைடரில் குதிக்கிறவர்கள் வானம் முழுக்கத் தெரிந்தார்கள். அண்ணன் மகள் எண்ண ஆரம்பித்து நாற்பதோடு விட்டுவிட்டாள். அடுத்து வண்ணத்துப்பூச்சிப் பள்ளத்தாக்கு. மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் கொஞ்சம் மணல், கடல் வழியாக வந்தால்தான் சுலபம். நாங்கள் போன நேரத்தில் சுற்றுலாப் படகுகள் வரிசையாக நின்று பாட்டு அலறிக்கொண்டிருந்தன. வண்ணத்துப்பூச்சி ஒன்றும் கண்ணில் படவில்லை. இருந்தால்தான் ஆச்சரியம்.

சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்காகக் கோவையிலிருந்து ஒரு பை நிறையப் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் வந்திருந்தது. அவிழ்க்கவே தேவைப்படவில்லை. இந்த ஊர்க்காரர்கள் காய்கறியை ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைத்து ஆறவைத்துச் சாப்பிடுகிறார்கள். இன்று பீன்ஸ். சமையல்காரர் செய்வதை நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். வெங்காயம், தோலுரித்த தக்காளி, முழுசாக நீளப் பீன்ஸ், இரண்டு சிட்டிகை சர்க்கரை, கையளவு எண்ணெய். தண்ணீர் துளிகூட இல்லை. மூடிபோட்டு, தீயைக் குறைத்து, முக்கால் மணி நேரம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. "கிளறினா உடஞ்சுடும்" என்பது கைச் சாடையில் வந்தது. கூடவே புதினா போட்ட மைசூர்ப்பருப்பு சூப், வெள்ளரித் தயிர், சாதம். அம்மா தட்டை வழித்துவிட்டு, "காரமே இல்ல, ஆனா தப்பா சொல்ல முடியாது" என்றார். அம்மாவிடம் இது தங்கப் பதக்கம்.

சாயங்காலம் கெமிலெர் தீவுக்குப் பின்னால் நங்கூரம். தண்ணீரில் ஒரு சின்னப் படகு வந்து ஒட்டிக்கொண்டது. உள்ளே ஒரு பெண்மணி, குவிந்த இரும்புக் கல், மாவு, நீளக் குச்சி. கணவர் துடுப்பு. அப்பளக் குச்சியால் மாவை வேட்டி மாதிரி மெல்லிசாகத் தேய்த்து, உள்ளே கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துச் சுட்டுக் கொடுத்தார். கோஸ்லெமே என்று பெயர். ஒன்று 200 லிரா, வாழைப்பழமும் சாக்லெட்டும் வைத்தது 250. ஆடுகிற படகில், எரிகிற அடுப்பில், ஒரு மடிப்புக்கூடக் கிழியாமல். விலையைப் பற்றி அம்மாகூட வாய் திறக்கவில்லை.

தீவின் மேலே பைசாண்டியக் காலத்துச் சர்ச்சுகள் பல இடிந்து கிடக்கின்றன. உச்சியிலிருந்து இறங்க, வளைவுக் கூரை போட்ட நீண்ட நடைபாதை ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். கூரை பாதி இருக்கிறது, பாதி வானம். தெம்ரேயில் பிஷப்பாக இருந்த புனித நிக்கோலஸோடு இந்தத் தீவைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். உச்சியில் சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்திருந்தது, ஆளுக்கொரு பீர் பாட்டிலோடு.

திரும்பி வந்ததும் கேப்டன் அறிவிப்பு: காலை நாலரைக்குக் கிளம்புகிறோம். ஏழு மணிக்கு என்று அண்ணன் கேட்டுப் பார்த்தான். கேப்டன் கடலைக் காட்டி, கையை மேலும் கீழும் பெரிதாக ஆட்டினார். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

செப்டம்பர் 14, சனி – ஏழு முனை, பிறகு காஷ்

ஏழு முனை என்று ஓர் இடம். யெதிபுருன்லார். மலை கடலுக்குள் வரிசையாக மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும், ஒதுங்க நல்ல துறை எதுவும் கிடையாது, மேற்கே திறந்த கடல். பகல் ஏற ஏறக் காற்று வலுக்கும். அதனால்தான் இந்த வழியில் போகிற கேப்டன்கள் எல்லோரும் இருட்டில் கிளம்பிக் காலைச் சாப்பாட்டுக்குள் தாண்டிவிடப் பார்க்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பத்து மணிக்குத்தான் விளங்கியது. ஐந்தரைக்கு விளங்கியது, கீழ் அறையில் படுத்திருக்கக் கூடாது என்பது மட்டும்.

முதலில் அண்ணி. பிறகு அண்ணன் பையன், அவனைப் பிடிக்கப் போன அண்ணன். என் கணவர் மெரினாவில் அலை பார்த்தே வளர்ந்தவன் என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். அவரும் ஓரக் கம்பியைக் கட்டிக்கொண்டார். காற்று வீசாத பக்கத்தில் நின்று வாந்தி எடுக்க வேண்டும் என்று கப்பல் பையன் ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து இடம் மாற்றினான். அதில் ஒரு கண்டிப்பும் இருந்தது, கனிவும் இருந்தது. வாய் கொப்பளிக்கத் தண்ணீர், கையில் எலுமிச்சைக் கொலோன், அடிவானத்தைப் பார் என்று விரல். நாள் முழுக்க இதே வேலையாக இருப்பவன் போல.

அசையாமல் இருந்தது கேப்டனும் அம்மாவும்தான். அம்மா பின்மேடை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உப்பு நாரத்தங்காயை ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொண்டு, எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு கிள்ளிக் கொடுத்தார். எனக்கு அது கேட்டது. அண்ணனுக்குக் கேட்கவில்லை. சமையல்காரரும் ஒரு துண்டு கேட்டு வாங்கினார். முகத்தைச் சுளித்தார், யோசித்தார், இன்னொன்று கேட்டார்.

இந்த அமளியில் கூடை சாய்ந்து என் கணவரின் ஒரு செருப்பு கடலுக்குப் போனது. மிச்சமிருந்த ஒன்றை அவர் இரண்டு நாள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்.

இடதுபக்கம் முனைகள் முடிந்ததும் தூரத்தில் வெள்ளைக் கோடாக பதாரா கடற்கரை. 18 கிலோமீட்டர் நீளம், கட்டடமே இல்லை. கடலாமைகள் முட்டையிடுகிற இடம் என்பதால் ராத்திரி அங்கே யாரும் போகக் கூடாது. ஒன்பதரைக்குக் கல்கன் பக்கத்தில் ஃபிர்னாஸ் என்ற குடாவில் நங்கூரம் போட்டார்கள். தண்ணீர் அசையவில்லை. இரண்டு மணி நேரம் முன்னால் செத்துக்கொண்டிருந்த அண்ணன் மேல்தட்டிலிருந்து தலைகீழாகக் குதித்தான்.

காலைச் சாப்பாட்டில் குளவி. செப்டம்பரில் இந்தக் கரை முழுக்க இதே தொல்லையாம். ஜாம் கிண்ணத்தைத் திறந்தால் நாலு, தேனைத் திறந்தால் பத்து. சமையல்காரர் ஒரு சின்னத் தட்டில் அரைத்த காப்பித்தூளைக் கூம்பாகக் குவித்து, உச்சியில் நெருப்பு வைத்தார். தீ எரியாமல் கங்காகப் புகைந்தது, சாம்பிராணி மாதிரி. மேஜைக்கு மூன்று தட்டு. குளவி விலகிப் போனது, முழுக்கப் போகவில்லை. அண்ணன் பையன் கையில் ஒன்று கொட்டிவிட்டது. "சுண்ணாம்பு இருந்தா வச்சுடலாம்" என்றார் அம்மா. சமையல்காரர் வெங்காயத்தை வெட்டி அழுத்திப் பிடித்தார். பையன் இரண்டையும் விட ஐஸ்தான் வேண்டும் என்று கத்தினான், கடைசியில் அதுதான் கேட்டது.

அந்த மேஜையில்தான் ஒரு ஜாம். அடர் ஆரஞ்சு நிறத்தில், தோலைச் சுருட்டிச் சர்க்கரைப் பாகில் போட்டது. அம்மா வாயில் வைத்ததும் நிறுத்தினார். "இது நம்ம நாரத்தங்காய்க்குச் சொந்தம்டி." கசப்பு ஆரஞ்சுத் தோல். துருக்கியின் இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு போடுகிறார்கள். பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றிக் கசப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சுருளையும் நூலில் கோத்துத்தான் பாகில் போட வேண்டுமாம், இல்லாவிட்டால் பிரிந்துவிடும். அம்மா கைச்சாடையில் கேட்டார், சமையல்காரர் கைச்சாடையில் சொன்னார். ஊறுகாயும் ஜாமும் இடம் மாறின.

சாயங்காலம் காஷ் துறை. எதிரே தெரிகிற தீவு கிரேக்க நாடு. துருக்கிக்காரர்களுக்கு மெய்ஸ், கிரேக்கர்களுக்குக் காஸ்தெலோரிசோ. துருக்கிக் கரையிலிருந்து கிட்டத்தில் உள்ள இடத்தில் இரண்டு கிலோமீட்டர்தான் தூரம். கிரேக்கத்தின் மற்ற பகுதியெல்லாம் எங்கோ மேற்கே இருக்கிறது, இது மட்டும் தனியாக இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. துருக்கியர்கள் 2024 ஏப்ரலிலிருந்து துறைமுகத்திலேயே ஏழு நாள் அனுமதி வாங்கிப் போய்வரலாம். எங்களால் போக முடியாது, ஆனால் அண்ணனின் ஜெர்மன் போன் போய்விட்டது. துருக்கியில் ரோமிங் தீட்டிவிடும் என்று அணைத்தே வைத்திருந்தான். காஷ் வந்ததும் அது தானாகவே கிரேக்க சிக்னலைப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பிய ஒன்றியம் என்பதால் இலவசம். கப்பல் முனையில் தீவைப் பார்த்து நின்றபடி, ஆபீஸ் மெயில் அத்தனையையும் படித்து மனதைக் கெடுத்துக்கொண்டான்.

காஷ் எனக்குப் பிடித்தது. மேடேறுகிற கடைத்தெருவின் முடிவில், நடுத்தெருவிலேயே ஒரு லிசியக் கல்லறை, கப்பலைக் கவிழ்த்தது மாதிரி மூடி, அதில் சிங்கத்தலைகள். அடியில் பூனை தூங்குகிறது, பக்கத்தில் கம்பளக் கடைக்காரர் தேநீர் குடிக்கிறார். காப்பி ஒன்று 120 லிரா. ரப்பர் செருப்பு 400 சொன்னார்கள். என் கணவர் தெம்ரேயில் வாங்கிக்கொள்கிறேன் என்று வெறுங்காலோடு நடந்தார்.

செப்டம்பர் 15, ஞாயிறு – கெகோவா

ராத்திரி எல்லோரும் மேல்தட்டில் படுத்தோம். ஏசிச் சண்டை தானாகத் தீர்ந்தது. விடிகாலைப் பனியில் போர்வை நனைந்துவிடும் என்பதை யாரும் சொல்லவில்லை.

காஷ் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கேப்டன் இஞ்சினைக் குறைத்து ஒரு பாறை முனையைக் காட்டினார். நாலு நாளில் அவர் நீளமாகப் பேசியது இந்த ஒரு இடத்தில்தான். உலுபுருன். 1982இல் கடற்பஞ்சு எடுக்கிற ஒருவர் முங்கிவிட்டு வந்து, அடியில் காது வைத்த பிஸ்கட் மாதிரி உலோகம் கிடக்கிறது என்றாராம். அவை செம்புக் கட்டிகள். நாலு மூலையிலும் பிடி வைத்து வார்த்தவை. கிடந்தது கி.மு. 14ஆம் நூற்றாண்டுச் சரக்குக் கப்பல். பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம், நீலக் கண்ணாடிக் கட்டிகள், யானைத் தந்தம், நீர்யானைப் பல், தீக்கோழி முட்டை ஓடு, எகிப்து அரசி நெஃபர்திதி பெயர் பொறித்த தங்க முத்திரை. நாற்பது மீட்டருக்கும் கீழே, செங்குத்துச் சரிவில். மேலே எடுத்து முடிக்க 1984 முதல் 1994 வரை ஆனது. இப்போது போத்ரூம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செம்பும் வெள்ளீயமும் பத்துக்கு ஒன்று என்பது வெண்கலம் வார்க்கிற கணக்கு, யாரோ ஒருவர் ஆயுதத்துக்கோ பாத்திரத்துக்கோ அளந்து அனுப்பிய சரக்கு. அதைச் சொல்லிவிட்டு கேப்டன் முனையிலிருந்து தள்ளியே ஓட்டினார்.

அப்புறம் வாக்குக் கொடுத்தபடி பாய் விரித்தார்கள். இருபது நிமிஷம். இஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. படம் பிரமாதமாக வந்திருக்கிறது.

கெகோவா தீவின் வடகரையில் ஓர் ஊரின் பாதி தண்ணீருக்குள் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு நிலநடுக்கத்தில் கரை இறங்கிவிட்டது என்கிறார்கள். இங்கே நீந்தக் கூடாது, நங்கூரம் போடக் கூடாது. 1990 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. கப்பல் நடைவேகத்தில் போகிறது. பாறையில் வெட்டிய படிக்கட்டு கரையில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியாகத் தண்ணீருக்குள் இறங்கி, பச்சையாகி, மறைகிறது. கதவு நிலை நிற்கிறது, வீடு இல்லை. உத்திரம் செருகிய குழிகள் சுவரில் வரிசையாக இருக்கின்றன. மூழ்கிய நகரம் என்று பெரிதாக எதிர்பார்த்த அண்ணன் மகளுக்கு ஏமாற்றம். எனக்கு அந்தப் படிக்கட்டு போதும். கண்ணாடி அடித்தளப் படகுகள் வரிசையாக வந்து கூட்டம் சேர்ந்ததும் கேப்டன் விலகினார்.

எதிர்க்கரையில் கலெகோய், பழைய சிமெனா. ரோடு கிடையாது, படகில் வரணும், இல்லாவிட்டால் நடக்கணும். உச்சியில் கோட்டை, கோட்டைக்குள் பாறையிலேயே குடைந்த குட்டி அரங்கம், முந்நூறு பேர் உட்காரலாம். ஏறுகிற வழி முழுக்கப் பாட்டிமார்கள் பூவேலைத் தலைத்துணி விற்கிறார்கள். அம்மாவைப் பார்த்ததும் ஒரு பாட்டி தன் ஸ்டூலை நகர்த்தி உட்காரச் சொல்லிவிட்டார். நாங்கள் கோட்டைக்குப் போய்வந்த நேரமெல்லாம் இரண்டு பேரும் ஒருவர் சேலைக் கரையை, ஒருவர் துணிப் பின்னலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 300 லிரா துணிக்கு அம்மா 200 சொன்னார். பாட்டி சிரித்துக்கொண்டே 280 என்றார். 280க்கே வாங்கிக்கொண்டு வந்தார் அம்மா, கோவை டவுன்ஹாலில் யாரும் நம்ப மாட்டார்கள். கீழே தண்ணீர் நடுவே ஒரு கல்லறை நிற்கிறது, போட்டோக்களில் வருகிற அதே கல்லறை. பிள்ளைகள் அதை ஒரு சுற்று நீந்திவிட்டு ஐஸ்கிரீமுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் செய்த பீச் பழ ஐஸ்கிரீம், இரண்டு உருண்டை 140 லிரா.

ராத்திரி எங்கே தங்குவது என்பதில்தான் தகராறு. நிரலில் கொக்கயா குடா என்று போட்டிருந்தது. வேண்டாம், கலெகோய் பக்கமே இருக்கலாம் என்றார் கேப்டன். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. காசு கொடுத்து எடுத்த கப்பல், ஒரு தடவையாவது நாம் சொல்வது நடக்கட்டும் என்று பிடிவாதம். கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை, ஓட்டினார்.

குடா அழகுதான், சின்னச் சின்னத் தீவாக. ஆனால் இளைஞர்களை ஏற்றி வருகிற கப்பல்கள் எல்லாம் வந்து தங்குவதும் அங்கேதான். கரையில் ஒரு மதுக்கடை, பத்து மணிக்குப் பாட்டு ஆரம்பித்தது. மலை மூன்று பக்கமும் எதிரொலித்தது. கேப்டன் பஞ்சு இரண்டு உருண்டை எடுத்து அண்ணன் கையில் வைத்துவிட்டு, தன் காதிலும் வைத்துக்கொண்டு படுத்தார். இரண்டு மணிக்குப் பாட்டு நின்றது. இரண்டேகாலுக்குப் பக்கத்துக் கப்பலில் யாரோ கிட்டார் எடுத்தார்கள்.

செப்டம்பர் 16, திங்கள் – தெம்ரே, ஆண்டாலியா

தெம்ரே துறையில் பில். சமையல்காரர் நோட்டில் கோடு போட்டு வைத்திருந்த கணக்கு. தண்ணீர் மட்டும் 64 பாட்டில், சின்ன பாட்டிலுக்கும் பெரிய பாட்டிலுக்கும் ஒரே விலை போட்டிருந்தது. அண்ணி தான் தனியாக எழுதிவைத்த கணக்கை எடுத்தார். கேப்டன் இரண்டையும் பார்த்தார், பேசாமல் பாதியை அடித்துவிட்டார். நான்கு நாளில் எங்கள் தரப்பு ஜெயித்த ஒரே இடம். ஏஜென்டுக்கு எழுதிய ஏசி மெயிலுக்கு இன்னும் பதில் வரவில்லை. டிப்ஸ் உறையைக் கேப்டன் கையில் கொடுக்க வேண்டும், அவர்தான் மூவருக்கும் பிரிப்பார்.

கடலை விட்டு விலகினால் தெம்ரே முழுக்கக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும். பசுமைக் குடில்கள், மலையடி வரைக்கும். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. நடுவில் மைரா என்ற பழைய நகரம்: பாறை முகம் முழுக்க அடுக்குமாடி மாதிரி கல்லறைகள், அடியில் ரோமானிய அரங்கம், நாடக முகமூடி செதுக்கிய கற்கள் தரையில் உருண்டு கிடக்கின்றன. ஊருக்குள் புனித நிக்கோலஸ் சர்ச். 4ஆம் நூற்றாண்டில் இங்கே பிஷப்பாக இருந்தவர், இவர்தான் பின்னாளில் கிறிஸ்துமஸ் தாத்தா ஆனவர். எலும்புகளை 1087இல் இத்தாலிய மாலுமிகள் தங்கள் பாரி நகருக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். வெளியே சிவப்புக் குல்லா பொம்மை 35 டிகிரி வெயிலில் விற்கிறது. என் கணவருக்குச் செருப்பும் இங்கேதான் கிடைத்தது, 250 லிரா.

வெயில் தாங்காமல் அம்மா தேநீர்க் கடையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் வந்தபோது எதிரே ஒரு விவசாயி. இரண்டு பேருக்கும் நடுவில் அவருடைய போன், மொழிபெயர்ப்புக் குரலோடு. இப்போது நாற்று நடுகிற பருவம், தக்காளி குளிர்காலத்தில்தான் வரும், விலை ஏறும்போது உரமும் ஏறுகிறது, வேலைக்கு ஆள் இல்லை. அம்மா தொண்டாமுத்தூர் கதையைத் தொடங்கி, தண்ணீர் எத்தனை அடியில் என்பதில் இருந்தார். கிளம்பும்போது அந்த மனிதர் தேநீருக்கு எங்களைக் காசு கொடுக்க விடவில்லை. ஸ்கூட்டரில் போய், வீட்டு மரத்து மாதுளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தார். பை ஆறேழு கிலோ இருக்கும்.

ஆண்டாலியாவுக்குப் பஸ் மூன்று மணி நேரம், மலையோர வளைவு முழுக்க. பஸ் பையன் எல்லோர் கையிலும் எலுமிச்சைக் கொலோன் ஊற்றினான். யாருக்கும் வாந்தி வரவில்லை. மாதுளையை விமானத்தில் எடுத்துப் போக முடியாது, விட்டுவிட்டுப் போக அம்மாவுக்கு மனசில்லை. ராத்திரி ஓட்டல் அறையில், கத்தி இல்லாமல், குளியலறைத் துண்டை விரித்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பிளந்து தின்றோம். முத்து சிவப்பு, சாறு கறுப்பு என்று சொல்கிற அளவுக்கு.

காலையில் ஓட்டல்காரர் வெள்ளைத் துண்டை விரித்துக் காட்டி 600 லிரா போட்டார். சந்தையில் மாதுளை கிலோ என்ன விலை என்று அம்மா அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.